பொதுப்பூட்டின் நீண்ட ஆயுள்

இலத்தூரைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் தம் மடிக்கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைபேசிகளிலும் ராஸ்பெரி பையிலும் இருக்கும் ஏஆர்எம் வகைச் செயலியை, இன்டெல் செயலி உள்ள தம் கணினியில் கியூஎமு என்ற கட்டற்ற மென்பொருள் மூலம் போலச்செய்கிறார். உள்ளே ஒரு செயலி போதாதென்று நான்கு தருகிறார், வேகம் கூடவில்லை. எட்டு தருகிறார், அப்போதும் கூடவில்லை. 2017 ஏப்ரலில் வந்த 2.9ஆம் பதிப்புக்கு முந்தைய கியூஎமு எதை எடுத்திருந்தாலும் அவருக்கு இதுதான் நடந்திருக்கும். உள் இயந்திரத்துக்கு எத்தனை செயலிகளைக் காட்டினாலும், வெளியே அவையெல்லாம் ஒரே இழையில், முறை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடின. மடிக்கணினியின் மற்ற செயலிகள் சும்மா இருந்தன.

தென்காசிக்கு வடக்கே இலத்தூர், தெற்கே மத்தளம்பாறை. ஸோஹோ நிறுவனம் 2011இல் இந்த வட்டாரத்தில் காலூன்றி, பிறகு மத்தளம்பாறையில் வளாகமும் அமைத்துவிட்டதால், குற்றாலச் சாரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுவது இங்கே இப்போது செய்தியே இல்லை. ஆனால் இன்று எந்த ஊரில் நிரல் எழுதினாலும் அது கடைசியில் போய் ஓடும் இடம் எங்கோ ஒரு தரவு மையத்தில், அநேகமாக ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள். அந்த இயந்திரத்தின் அடியில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. காத்திருப்பு அதிகமானால்தான் தெரியும். அப்போதும் அதை ‘சர்வர் ஸ்லோ’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

கியூஎமுவை பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரீஸ் பெல்லார் 2003இல் வெளியிட்டார். அன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே செயலிதான். நிரலும் அதற்கேற்ப ஒரே இழையாக அமைந்தது: கொஞ்ச நேரம் உள் இயந்திரத்தின் கட்டளைகளை மொழிமாற்றி ஓட்டுவது, வட்டிலிருந்தோ வலையிலிருந்தோ ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பது, மறுபடி ஓட்டுவது. தட்டச்சுப் பலகை, வட்டு, வலை அட்டை, கடிகாரம் என ஒவ்வொரு சாதனத்தையும் போலச்செய்யும் நிரல்கள், தான் வேலை செய்யும்போது வேறு யாரும் எதையும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டன. அந்த நம்பிக்கையை யாரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. குறிக்கத் தேவையும் இருக்கவில்லை.

2006இன் பிற்பகுதியில், இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளை அறிவித்தார். 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20இல் அது சேர்ந்தது. செயலியிலேயே இருக்கும் மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்தியதால் உள் இயந்திரம் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடியது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மெய்நிகர்ச் செயலிக்கும் வெளியே தனி இழை கிடைத்தது. ஆனால் சாதனங்களைப் போலச்செய்ய கேவிஎம் நாடியது அதே பழைய கியூஎமுவை. தனியாக இருப்பதாக நம்பி எழுதிய நிரல்களுக்குள் இப்போது ஒரே நேரத்தில் பல இழைகள் நுழைந்தன. அத்தனை சாதனங்களையும் திருத்தி எழுதுவதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே வாசலில் ஒரே ஒரு பூட்டைப் போட்டார்கள். கியூஎமுவின் எந்தச் சாதனத்தைத் தொட வேண்டுமானாலும் அந்தப் பூட்டைக் கைப்பற்றியாக வேண்டும். அதைப் பிக்யூஎல் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பொதுப்பூட்டு.

தென்காசிச் சீமையின் பெரிய குளங்களுக்கு மடைகள் பல உண்டு. எல்லா மடைக்கும் ஒரே நீர்பாய்ச்சி, அவரும் ஒரு நேரத்தில் ஒரு மடையில்தான் நிற்பார் என்றால், குளத்தில் தண்ணீர் ததும்பினாலும் வயல்கள் காத்துக் கிடக்கும். அதே ஏற்பாட்டில் ஒரு நிம்மதியும் இருக்கிறது: ஒரே வாய்க்காலை இரண்டு பேர் எதிரெதிராகத் திருப்பிவிட முடியாது. பொதுப்பூட்டும் அப்படித்தான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எளிது. ஆனால் சரியாக ஓடாத வேகமான மென்பொருளைவிட, மெதுவாக ஆனால் சரியாக ஓடும் மென்பொருள் நல்லது என்று நினைத்தவர்கள் எடுத்த முடிவு அது. லினக்ஸும் இதையே செய்தது. பல செயலிகளைக் கையாளும் வசதி 1996இல் 2.0ஆம் பதிப்பில் வந்தபோது கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்தது. அதன் கடைசித் துணுக்கு அகன்றது 2011 மே மாதம், 2.6.39இல். பதினைந்து ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு காலம்? பூட்டைக் கழற்றுவதா கடினம்? இல்லை, அது எதையெதைக் காக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். பொதுப்பூட்டு தான் காப்பதாகச் சொல்லப்பட்டவற்றை மட்டும் காப்பதில்லை. யாரும் சொல்லாமலே அதன் நிழலில் ஒதுங்கிய நூறு அனுமானங்களையும் சேர்த்துக் காக்கிறது. இருபது ஆண்டு வரலாற்றைப் படிக்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: பெரிய பூட்டை உடைத்துப் பல சிறிய பூட்டுகளாக்கிய முயற்சிகள் கொடுத்த பலன் குறைவு. ‘இந்தத் தரவு யாருடையது’ என்று கேட்டு, பூட்டே தேவைப்படாதபடி மாற்றியவைதான் நிலைத்தன. அதில் பெங்களூருவில் செய்த வேலைக்கு நம் பத்திரிகைகள் கொடுத்த இடம் மிகச் சிறிது.

நெரிசல் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம். உள்ளே ஓடும் இயங்குதளம் கணக்குப் போடும்வரை பொதுப்பூட்டுக்கு வேலை இல்லை. மெய்நிகர்ச் செயலி நேரடியாக உண்மைச் செயலியில் ஓடுகிறது. ஏதாவது ஒரு சாதனத்தின் பதிவேட்டில் எழுதவோ படிக்கவோ போகும்போது உண்மைச் செயலி உள் இயந்திரத்தை நிறுத்தி, கட்டுப்பாட்டைக் கேவிஎம்முக்குத் தருகிறது. தன்னால் முடியாததைக் கேவிஎம் கியூஎமுவிடம் அனுப்புகிறது. அந்த முகவரி எந்தச் சாதனத்துக்குரியது என்று நினைவக வரைபடத்தில் தேடிப் பார்த்து, பொதுப்பூட்டை எடுத்து, சாதனத்தின் நிரலை ஓட்டி, பூட்டை விட்டுத் திரும்ப வேண்டும். ஒரே சமயத்தில் பதினாறு செயலிகள் இப்படி வந்தால் ஒன்று உள்ளே போகும், பதினைந்து வாசலில் நிற்கும். அதோடு முடியவில்லை. வட்டு வேலை முடிந்ததா, வலையில் எதுவும் வந்ததா என்று கவனிக்கும் முதன்மை இழைக்கும் அதே பூட்டுதான் வேண்டும்.

ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்கு பூட்டுக்குள் நடந்தால், 16 செயலிகள் கொடுத்தாலும் வேகம் 6.4 மடங்குதான் ஆகும். 64 கொடுத்தால் 8.8 மடங்கு. எத்தனை கொடுத்தாலும் 10 மடங்கைத் தாண்டாது. பூட்டுக்குள் நடப்பதை நூற்றில் இரண்டாகக் குறைத்தால் அதே 64 செயலிகள் 28 மடங்கு தரும். நடைமுறை இந்தக் கணக்கைவிட மோசமானது. பூட்டு என்பது நினைவகத்தில் ஒரு சிறு இடம். காத்திருக்கும் ஒவ்வொரு செயலியும் அதை மாறிமாறித் தன் இடைமாற்று நினைவகத்துக்கு இழுத்துக்கொள்வதால் பூட்டைக் கைமாற்றுவதற்கே நேரம் போகிறது. சிலவகைப் பூட்டுகளில் ஒரு கட்டத்துக்குமேல் செயலிகளைக் கூட்டினால் மொத்த வேகம் சரிந்தே விழும் என்று அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2012இல் விரிவாகக் காட்டினார்கள்.

எதிர்பார்க்கக்கூடிய முதல் மருந்து, பெரிய பூட்டைச் சிறியதாக்குவது. கியூஎமுவின் வட்டுப் பகுதியில் அதைத்தான் செய்தார்கள். 2013 பிப்ரவரியில் வந்த 1.4ஆம் பதிப்பில், வட்டு வேலைகளைப் பொதுப்பூட்டின் வெளியே தனி இழை ஒன்றுக்கு மாற்றும் முயற்சியை ஸ்டெஃபான் ஹாய்னோட்சி கொண்டுவந்தார். வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் அந்த இழை கியூஎமுவின் வழக்கமான வட்டு அடுக்கைச் சுற்றிக்கொண்டு போனதால், அந்த அடுக்கின் பல வசதிகள் அதற்குக் கிடைக்கவில்லை. அவற்றையும் சேர்ப்பதற்காக ஒவ்வொரு நிகழ்வுச் சுழலுக்கும் ஒரு தனிப்பூட்டு தரப்பட்டது. ஏஐஓ கான்டெக்ஸ்ட் பூட்டு என்பது அதன் பெயர். ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது இரண்டு பூட்டுகளையும் எடுக்க வேண்டும். எதை முதலில் எடுப்பது? இரண்டு இழைகள் எதிரெதிர் வரிசையில் எடுத்தால் இரண்டும் நிரந்தரமாக நின்றுவிடும். ஒரு பூட்டை எடுத்தவர் மறந்துபோய் மறுபடி எடுத்துவிட்டுக் காத்திருந்தாலும் அதே கதி.

பத்தாண்டு காலம் இந்தச் சிறிய பூட்டோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஹாய்னோட்சியும் கெவின் வோல்ஃபும் இன்னும் சிலரும் வட்டு அடுக்கின் ஒவ்வொரு தரவுக்கும் உரிமையாளர் யார் என்று ஒன்றொன்றாக வரையறுத்து, 2024 ஏப்ரலில் வந்த 9.0ஆம் பதிப்பில் அந்தப் பூட்டையே நீக்கினார்கள். ஒரே மெய்நிகர் வட்டின் பல வரிசைகளைப் பல இழைகள் ஒரே நேரத்தில் கவனிக்கும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. பூட்டைப் பிரித்தவர்களே அதை எடுத்தெறிந்த பின்தான் நினைத்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெங்களூருவில் வேறொரு வழி பிடித்தார்கள். வெளிக் கணினியின் கோப்புகளை உள் இயந்திரத்தோடு பகிர்ந்துகொள்ள 9பி என்ற நெறிமுறை கியூஎமுவில் இருக்கிறது. உள்ளிருந்து ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், கியூஎமு வெளியே போய் அதைத் திறக்க வேண்டும். வெளியே உள்ள வட்டு தாமதித்தால் பொதுப்பூட்டைப் பிடித்தபடியே கியூஎமு நிற்கும். கோப்புக்குச் சம்பந்தமே இல்லாத கடிகாரமும் வலை அட்டையும்கூட நிற்கும். ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியக் குழுவினர், ஹர்ஷ் பிரதீக் போரா, அனீஷ் குமார் முதலானோர், 2010, 2011 காலத்தில் இதை இணைநடைச் சார்புகள் மூலம் தீர்த்தனர். தாமதமாகக்கூடிய ஓர் அழைப்பு வந்ததும் சார்பு பாதியில் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அந்த ஓர் அழைப்பை மட்டும் துணை இழை ஒன்று பொதுப்பூட்டு இல்லாமல் செய்து முடிக்கிறது. முடிந்ததும் சார்பு முதன்மை இழையில், பூட்டின் காவலில், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. புதுப் பூட்டு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. சாதனத்தின் தரவை முன்போலவே ஒரே இழைதான் தொடுகிறது. காத்திருப்பு மட்டும் வெளியே போய்விட்டது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று, ஆரவாரமே இல்லாதது.

அதைவிட ஆழமாக வேரோடியது ஆர்சியூ. நினைவக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரி எந்தச் சாதனத்துக்கு என்ற அந்தப் பட்டியலை நொடிக்கு லட்சக்கணக்கான முறை படிக்க நேரலாம், மாற்றுவது எப்போதாவதுதான். படிப்பவர் எல்லோரும் பூட்டு எடுக்க வேண்டும் என்பது அநியாயம். ஆர்சியூவில் படிப்பவர் பூட்டே எடுப்பதில்லை. மாற்ற விரும்புபவர் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து அதில் திருத்தி, பழையதைச் சுட்டும் சுட்டியை ஒரே அடியில் புதியதை நோக்கித் திருப்பிவிடுகிறார். அந்த நொடிக்கு முன் உள்ளே நுழைந்தவர்கள் பழைய பட்டியலைப் படித்து முடிப்பார்கள். பின் வந்தவர்கள் புதியதைப் பார்ப்பார்கள். பழையதைப் படித்துக்கொண்டிருந்த கடைசி ஆள் வெளியேறிய பிறகே பழைய பட்டியலின் நினைவகம் விடுவிக்கப்படுகிறது. இரண்டு பேர் ஒரே கணத்தில் சற்றே வேறுபட்ட பட்டியல்களைப் பார்க்கக்கூடும் என்பதைப் பொறுத்துக்கொள்ள முடிகிற இடத்தில் மட்டுமே இது செல்லும். அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலி பெரிது.

இந்த முறையை அமெரிக்காவின் சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் 1990களில் உருவாக்கினார்கள். 1999இல் ஐபிஎம் சீக்வென்டை வாங்கியது. லினக்ஸுக்கு இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஐபிஎம் இந்தியாவின் தீபாங்கர் சர்மா. 2002 அக்டோபரில், 2.5.43இல் அது ஏறியது. சேர்த்துவிட்டால் போதுமா, பயன் காட்ட வேண்டாமா? மனீஷ் சோனியும் சர்மாவும் மெக்கென்னியும் கோப்புப் பெயர்த் தேடலைக் கையில் எடுத்தார்கள். லினக்ஸில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதன் பாதையின் ஒவ்வொரு துண்டையும் ஒரு பொது அட்டவணையில் தேட வேண்டும். அந்த அட்டவணை முழுவதற்கும் ஒரே பூட்டு. தேடுபவர்கள் அதைத் தொடாமலே போகும்படி ஆர்சியூவால் மாற்றினார்கள். அந்த வேலையின் விவரத்தை மூவரும் 2004 ஜனவரி லினக்ஸ் ஜர்னலில் எழுதினார்கள். பூட்டையே முழுதாக நீக்க நிக் பிக்கின் எழுதிய மாற்றங்கள் சேரும்வரை, 2011வரை, பொறுக்க வேண்டியிருந்தது. இடையில், லினக்ஸுக்குத் தங்கள் உரிமையை ஐபிஎம் கடத்தியது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003இல் தொடுத்த வழக்கிலும் ஆர்சியூவின் பெயர் அடிபட்டது. பூட்டு நீக்கும் உத்தி ஒன்று நீதிமன்றப் படியேறியதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

கியூஎமுவுக்குள் ஆர்சியூ வந்தது 2015இல். மாத்தியூ தெனுவாயே எழுதிய நூலகத்தை அடிப்படையாக வைத்து, ரெட் ஹேட்டின் பாவ்லோ போன்சினி அதைச் சேர்த்தார். நினைவக வரைபடத்தைத் தேட இனிப் பொதுப்பூட்டு தேவைப்படவில்லை. அதே ஆண்டில் சீமென்ஸின் யான் கிஸ்கா இன்னொரு படி தாண்டினார்: கேவிஎம்மிலிருந்து திரும்பும் இழை பூட்டை எடுக்காமலே வந்து, சாதனத்தை அடையாளம் கண்ட பிறகு, அந்தச் சாதனத்துக்குப் பொதுப்பூட்டு வேண்டுமா என்று கேட்டு எடுக்கும். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சாதனம் ‘வேண்டாம்’ என்று அறிவித்துவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு கடிகாரத்தின் கதை வருகிறது. கணினிகளில் ஆற்றல் மேலாண்மைக் கடிகாரம் என்று ஒன்று உண்டு. நொடிக்கு 35,79,545 முறை துடிக்கும் ஓர் எண்ணி, அவ்வளவுதான். அதைப் படிப்பதற்கு எதற்குப் பூட்டு? பூட்டு வேண்டாம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச காலம் கழித்து, கணினி தொடங்கும்போது ஓடும் சீபயாஸ் நிரலின் யுஎஸ்பி பகுதியில் நேரக் கணக்கு பிசகுவதாகத் தெரியவந்தது. பூட்டுத் தேவையில்லை என்று சொன்னது சரியில்லை போலும் என்ற குறிப்போடு மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. வெறும் எண்ணியைப் படிப்பதுகூட யாரோ எழுதாமல் விட்ட ஓர் அனுமானத்தின் மேல் நின்றிருக்கிறது!

ஆனால் தேவை போகவில்லை. நூற்றுக்கணக்கான செயலிகள் உள்ள உள் இயந்திரத்தில் விண்டோஸ் தொடங்கும்போது அத்தனை செயலிகளும் கடிகாரத்தை ஓயாமல் படிக்கின்றன; அத்தனையும் பொதுப்பூட்டில் வந்து முட்டுகின்றன. 2025இல் இகோர் மம்மடோவ் இந்த வேலையை மறுபடி எடுத்தார். ஆற்றல் மேலாண்மைக் கடிகாரம் பூட்டிலிருந்து விடுபட்டது. எச்பிஇடி என்ற இன்னொரு கடிகாரத்துக்குத் தனிப்பூட்டு தரப்பட்டது. அதன் முதன்மை எண்ணியைப் படிக்க அதுவும் வேண்டாம். எழுதுபவர் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு வரிசை எண்ணை ஏற்றுவார். படிப்பவர் அந்த எண்ணை முன்னும் பின்னும் பார்ப்பார். இடையில் மாறியிருந்தால் மறுபடி படிப்பார். உரிமை எழுதுபவரிடம், பொறுப்பு படிப்பவரிடம்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே உள்ள பூட்டு. உள்ளே ஓடும் லினக்ஸுக்குச் சொந்தமாகப் பூட்டுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மெய்நிகராக்கம் தனியாக ஒரு நோயைக் கொண்டுவந்தது. கெர்னலில் பல இடங்களில் இருப்பவை சுழல்பூட்டுகள்: பூட்டு கிடைக்கும்வரை செயலி தூங்காமல் ‘கிடைத்ததா, கிடைத்ததா’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டை வைத்திருப்பவர் சில மைக்ரோநொடிகளில் விட்டுவிடுவார் என்பதால் உண்மைக் கணினியில் இது மலிவு. மெய்நிகர் இயந்திரத்திலோ, பூட்டைக் கையில் வைத்திருக்கும் மெய்நிகர்ச் செயலியை வெளிக் கணினி பாதியில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். உள்ளே மற்றவர்களுக்கு அது தெரியாது. ஓடாத ஒருவருக்காகத் தங்களுக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் சுற்றியே தீர்ப்பார்கள். அந்த நேரத்துக்கும் வாடகை கட்டுவது வாடிக்கையாளர்தான்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை 2004இலேயே பதிவு செய்திருந்தார்கள். 2008இல் லினக்ஸ் 2.6.25 சுழல்பூட்டில் வரிசைச் சீட்டு முறையைக் கொண்டுவந்ததும் அது முற்றியது. முதலில் வந்தவருக்கே முதலில் என்பது நியாயம்தான். ஆனால் அடுத்த சீட்டுக்காரர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், தயாராக நிற்கும் மற்றவர்கள் முந்திப் போகவும் முடியாது. ஜென் என்ற இன்னொரு மெய்நிகராக்க மென்பொருளுக்காக ஜெரெமி ஃபிட்ஸ்ஹார்டிங் ஒரு தீர்வைத் தொடங்கி வைத்தார். அதைக் கேவிஎம்முக்குக் கொண்டுவந்து முடித்தவர்கள் ஐபிஎம் இந்தியாவில் இருந்த ஸ்ரீவத்ஸ வடகிரி, சுசுகி பௌலோஸ், கே.டி. ராகவேந்திரா ஆகியோர். கொஞ்ச நேரம் சுற்றிப் பார். கிடைக்காவிட்டால், ‘நான் தூங்குகிறேன்’ என்று வெளிக் கணினியிடம் சொல்லிவிட்டு ஓய்ந்துபோ. பூட்டை விடுபவர் அடுத்த சீட்டுக்காரரைத் தட்டி எழுப்புவார். உள்ளேயும் வெளியேயும் ஒருவருக்கொருவர் தெரியாமல் நடித்துக்கொண்டிருந்தவர்கள் இந்த ஓர் இடத்தில் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

எவ்வளவு நேரம் சுற்றிப் பார்ப்பது என்பதில்தான் கைப்பக்குவம். முதலில் 2,048 சுற்று வைத்தார்கள். அவசரப்பட்டுத் தூங்கப் போவதால் வரும் செலவு கூடியது. ஆய்ந்து பார்த்து 32,768 ஆக்கினார்கள். பதிப்புமேல் பதிப்பாகத் திருத்தி, திரும்பத் திரும்ப அளந்து காட்டிய பிறகே 2013இல் லினக்ஸ் 3.12இல் அது இடம்பெற்றது. 2015இல் வெய்மன் லாங் முதலானோரின் புதிய வரிசைப்பூட்டு இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், தூங்கவைத்துத் தட்டி எழுப்பும் முறை அதிலும் தொடர்கிறது.

ஏஆர்எம் இயந்திரம் ஓட்டிய மாணவருக்கு 2017இல் கிடைத்த விடுதலை வேறு வகை. அங்கே சிக்கல் சாதனங்களில் மட்டும் இல்லை. மொழிமாற்றிய கட்டளைகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கு எல்லாச் செயலிகளுக்கும் பொது. அலெக்ஸ் பென்னே, ஃபிரெட் கோன்ராட், எமிலியோ கோட்டா, போன்சினி ஆகியோர் பல ஆண்டுகள் உழைத்து, கிடங்கில் தேடுவதைப் பூட்டில்லாமல் செய்து, ஒவ்வொரு செயலிக்கும் ஓர் இழை தந்தார்கள். ஏஆர்எம் செயலி நினைவகத்தை எழுதும் வரிசையும் இன்டெல் எழுதும் வரிசையும் வேறு வேறு என்பது கூடுதல் தலைவலி. உள்ளே இருப்பது தளர்ந்த விதி, வெளியே இருப்பது கண்டிப்பான விதி என்றால் சமாளித்துவிடலாம். தலைகீழாக இருந்தால் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் தடுப்பு போட நேரும். ஆகவே இன்டெல் கணினியில் ஏஆர்எம் ஓட்டுபவர்களுக்கு விடுதலை முதலில் வந்தது.

பைதான் மொழியின் மெய்நிகர் இயந்திரமும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. அதன் பொதுப்பூட்டை 1990களிலேயே கிரெக் ஸ்டெய்ன் எடுத்துக் காட்டினார். ஓர் இழை மட்டும் ஓடும் நிரல்கள் மெதுவாகிவிட்டதால் ஏற்கப்படவில்லை. 2024 அக்டோபரில் 3.13ஆம் பதிப்பு சோதனையாகப் பூட்டில்லாத வடிவத்தைத் தந்தது. அதற்கு வழி வகுத்த சாம் கிராஸின் திட்டத்தில் ஒரு முக்கிய உத்தி: ஒவ்வொரு பொருளுக்கும் அதை உருவாக்கிய இழையே உரிமையாளர். உரிமையாளர் மலிவான வழியில் எண்ணிக்கை வைத்துக்கொள்வார். பிறர் தொட்டால்தான் செலவு பிடிக்கும் எண்ணிக்கை. இங்கும் உரிமைதான் விடை.

இவ்வளவு சொன்ன பிறகு, கியூஎமுவின் பொதுப்பூட்டை அடியோடு நீக்க வேண்டும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கலாம். சொல்ல மாட்டேன். நான்கு செயலி உள்ள சாதாரண மெய்நிகர் இயந்திரத்தில், வலைப் போக்குவரத்தைக் கெர்னலுக்குள் இருக்கும் வீஹோஸ்ட்டும் வட்டுப் போக்குவரத்தைத் தனி இழையும் பார்த்துக்கொண்டால், பொதுப்பூட்டை யாரும் உணர்வதே இல்லை. சாதனத்தைச் செருகுவது, பிடுங்குவது, ஓடும் இயந்திரத்தை இன்னொரு கணினிக்கு மாற்றத் தொடங்குவது போன்ற எப்போதாவது நடக்கும் வேலைகளுக்கு அந்தப் பூட்டு இருப்பதே நல்லது. எங்கே நெரிகிறது என்று அளக்காமல் பூட்டைப் பிரிக்கப் போவது வீண் துணிச்சல். அளக்கும் கருவி கியூஎமுவிலேயே 2018 முதல் இருக்கிறது: கண்காணிப்பு முனையத்தில் ‘சிங்க்-ப்ரொஃபைல் ஆன்’ என்று கட்டளையிட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ‘இன்ஃபோ சிங்க்-ப்ரொஃபைல்’ என்று கேட்டால், எந்தப் பூட்டுக்காக நிரலின் எந்த வரியில் எவ்வளவு நேரம் காத்திருப்பு என்ற பட்டியல் வரும். பட்டியலின் தலையில் பொதுப்பூட்டு இல்லையென்றால் வேறு இடத்தில் தேடலாம். பெரிய இயந்திரங்களில் குற்றவாளி கேவிஎம்மின் பக்க அட்டவணைப் பூட்டாகவும் இருந்திருக்கிறது. கூகுளின் பென் கார்டன் 2020, 2021இல் செய்த மாற்றங்களால் பல செயலிகளின் பக்கப் பிழைகளை அது இப்போது ஒரே நேரத்தில் கையாள்கிறது.

எழுதாமல் விட்ட அனுமானங்கள் இன்னும் பாக்கி. அவற்றை எழுத வைக்கும் முயற்சி ரஸ்ட் மொழியோடு கியூஎமுவுக்குள் வந்திருக்கிறது. ரஸ்டில் எழுதும் சாதனங்களுக்காக பிக்யூஎல்செல், பிக்யூஎல்ரெஃப்செல் என்ற இரண்டு தரவு வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு தரவை இந்த வகையில் அறிவித்துவிட்டால், அதைக் காப்பது பொதுப்பூட்டு என்பது நிரலிலேயே எழுத்தாகிவிடுகிறது. பூட்டை எடுக்காத இழை ஒன்று அதைத் தொட்டால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நேரக் கணக்கு மௌனமாகப் பிசகாது. எச்பிஇடி கடிகாரத்துக்கு ரஸ்டில் எழுதிய வடிவம் ஏற்கெனவே உண்டு. சி மொழியில் எழுதிய மற்ற நூற்றுக்கணக்கான சாதனங்களில் எந்த மாறி எதன் காவலில் இருக்கிறது என்பதை, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, இப்போதும் ஆட்கள்தான் படித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.